ஹார்ட்டுக்கு ஒரு கிளாஸ் எழுதிக் குடுங்க மேடம்

டயட்டீஷியன் வேலை என்பது, ஊரார் தட்டில் கைவைத்து ஊரார் வாயில் விழுகிற வேலை.

ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இதய நோய் டாக்டரின் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர்கள், சர்க்கரை ஏறினவர்கள் எல்லாரும் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வருவார்கள். டாக்டர் எழுதும் மாத்திரையைக் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறவர்கள், நான் ஒரு கரண்டி சோற்றைக் குறைக்கச் சொன்னால் சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முறைப்பார்கள். அது பழகிவிட்டது. நல்லது சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்ளும் உத்தியோகத்தில் நான் மட்டுமா இருக்கிறேன்? கம்பெனி கேட்டில் ஹெல்மெட் போடச் சொல்லும் செக்யூரிட்டி, முட்டியை மடக்கச் சொல்லும் பிசியோதெரபிஸ்ட், தடுப்பூசிக்கு வீடு வீடாக அலையும் நர்ஸம்மா, நீங்களெல்லாம் என் இனம். வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குப் பழகாத ஒன்று இந்த வைன். ரெட் வைன் இதயத்துக்கு நல்லது என்று எவனோ ஒரு புண்ணியவான் போனில் அனுப்பிவைக்க, அது சுற்றிச் சுற்றி என் மேஜைக்கு வந்து நின்றது. நான் மாட்டேன் என்று சொல்லச் சொல்ல, "வைன் எழுதிக் குடுக்கற மேடம்" என்று எனக்குப் பேரே வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். என்னிடம் வரும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் தானாக வருவதில்லை. பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைக்கிறாள். வீட்டுக்குப் போய் எண்ணெயைக் குறைப்பதும் உப்பைக் குறைப்பதும் அவள்தான். அவள் என்னை நம்பும் வரைதான் என் பேச்சு அடுப்பு வரை போகும். அந்த நம்பிக்கையில்தான் இந்த ஆண்கள் மண்ணைப் போட்டார்கள்.

காதில் விழுந்த ஒரே வார்த்தை

ஆரம்பித்து வைத்தவர் முனிராஜ். கெலமங்கலம் பக்கத்தில் பாலிஹவுஸ் போட்டு ரோஜா வளர்ப்பவர். ஒரு ஸ்டென்ட், சர்க்கரைக்கு மாத்திரை, எப்போதாவது பிராந்தி. மனைவி சரோஜம்மா அவருடைய ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டு, யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்பது மாதிரி மடியில் வைத்திருந்தார். கூடவே பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மச்சினர். அவர்தான் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "பிராந்திய விட்டுட்டு வைனுக்கு மாறிக்கிட்டா ஹார்ட்டுக்கு நல்லதாமே மேடம்?"

பொறுமையாகத்தான் சொன்னேன். ஒரு காலத்தில் அப்படி ஒரு பேச்சு இருந்தது, இப்போது அது இறங்கிவிட்டது. அளவாக வைன் குடித்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றால், அவர்கள் காய்கறி தின்றதும் நடந்ததும் நிம்மதியாக வாழ்ந்ததும்கூடக் காரணமாக இருக்கலாம். திராட்சைத் தோலில் இருக்கும் சத்து திராட்சையிலேயே இருக்கிறது, அதற்குப் பாட்டில் வேண்டாம். இதயத்துக்காக என்று யாரும் குடிக்க ஆரம்பிக்க வேண்டியதில்லை. முக்கியமாக, அவர் போடும் சர்க்கரை மாத்திரைக்கும் மதுவுக்கும் ஆகாது. வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை மளமளவென்று சரிந்து ஆளையே சாய்த்துவிடும். வைன் குடித்தே வளர்ந்த நாட்டுக்காரர்கள்கூட அதைச் சாப்பாட்டோடுதான் குடிக்கிறார்கள் என்றேன்.

இத்தனை வாக்கியங்களில் முனிராஜ் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. முகம் மலர்ந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப சீட்டுல 'சாப்பாட்டோட'ன்னு மட்டும் எழுதுங்க மேடம், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பத்து திராட்சை

எழுதவில்லை. ஆனாலும் முனிராஜ் பூ மார்க்கெட்டில் என்ன சொன்னாரோ, அடுத்த வாரத்திலிருந்து புதுப் புது ஆட்கள். அதில் ஒருவர் இங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சொந்த ஊர் தெற்கே. ஓசூருக்கு வந்தபிறகு சேர்த்த சொத்துகளில் ஒரு மனையும் கொஞ்சம் கொழுப்பும் உண்டு. அவருக்கு நான் கொடுத்த உணவு அட்டவணையில், பழங்கள் என்ற இடத்தில், பாதி கொய்யா அல்லது பத்து திராட்சை என்று இருந்தது. எல்லாருக்கும் கொடுக்கும் அட்டவணைதான். ஆஸ்பத்திரி சீல் இருக்கும்.

ஓசூரில் இருப்பவர்களுக்குக் கர்நாடக எல்லையைத் தாண்டுவது பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. காய்கறிக்கு இந்தப் பக்கம், துணிக்கு அந்தப் பக்கம். பாட்டில் விஷயத்தில் மட்டும் நடுவில் செக்போஸ்ட் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். சூப்பர்வைசருக்கும் வந்திருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வாங்கிய வைன் பாட்டில்களின் மேல் என் அட்டவணையை, சீல் தெரிகிற மாதிரி, மடித்து வைத்திருக்கிறார். பிடித்த போலீஸ்காரரிடம் "ஆஸ்பத்திரி மருந்து" என்று நீட்டியிருக்கிறார். திராட்சை என்று எழுதியிருப்பதைத் தொட்டும் காட்டியிருக்கிறார்.

வரவேற்பறையிலிருந்து போனை என் அறைக்குத் திருப்பினார்கள். நான்கு பேஷண்டுகள் முன்னால் உட்கார்ந்திருக்க, எனக்குக் காது வரை சூடேறியது. அந்தப் போலீஸ்காரர் மட்டும் நிதானமான மனிதர். அவர் கேட்ட கேள்வி இது: "பத்து திராட்சைன்னு போட்டிருக்கீங்க மேடம், இவுரு ஆறு பாட்டில் வெச்சிருக்காரு, இது எத்தன நாளைக்கான பத்து?"

சாப்பாடு கடைசியில்

நம் ஊர்க் குடிக்கு ஒரு முறை உண்டு. முதலில் குடி. அது முடியும்வரை கொறிக்க ஆம்லெட், வேர்க்கடலை, மிளகு போட்ட ஈரல். எல்லாம் முடிந்து, பேச்சு முடிந்து, சண்டையும் முடிந்தபிறகுதான் சாப்பாடு. பாதிப் பேர் அந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை. வீட்டில் களி கல்லாகிக் கிடக்கும், குழம்பு மூன்று தடவை சூடாகியிருக்கும், அவள் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். வைன் என்பது வேறு வழியில் வந்த பண்டம். அது சோற்றுக்குத் துணையாக மேஜைக்கு வந்தது. ஒரு வாய் சாப்பாடு, ஒரு மிடறு வைன், ஒரு வார்த்தை பேச்சு. இந்த வரிசையை விட்டுவிட்டு, பிராந்தியை ஊற்றிய அதே டம்ளரில் வைனை ஊற்றி, அதே வேகத்தில் கவிழ்த்துவிட்டு, "இது ஹெல்த்துக்கு" என்றால் எனக்குக் கோபம் வராதா?

சூளகிரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் பெண்டாட்டியை வெளியே உட்கார வைத்துவிட்டு, என்னிடம் மட்டும் ரகசியமாகக் கேட்க வந்தார். குடிக்காமல் இருப்பதுதான் நல்லது என்று ஆரம்பித்து, மேலே எழுதிய அத்தனையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒருவருக்காவது மண்டையில் ஏறியதே என்று நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அப்போது அவர் உண்மையான கவலையோடு சொன்னார்: "சாப்பாட்டோட குடிச்சா ஏறாதே மேடம்; ஏறாததுக்கு எதுக்கு வைனு, எங்க வூட்ல ரசமே இருக்குதே!"

பாய் கேட்ட கேள்வி

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு மனிதர் என் பதிலைப் பதிலாக எடுத்துக்கொண்டார். கிருஷ்ணகிரியில் வெங்காய மொத்த வியாபாரம் செய்யும் பாய் அவர். சர்க்கரைக்காக வருகிறவர். அன்றைக்கு மனைவியை அனுப்பிவிட்டு, திரும்பி வந்து கதவைச் சாத்தினார். இவருமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாகப் பேசினார். மண்டியில் ஒருவன் நச்சரிக்கிறானாம். இது குடி இல்லை, மருந்து, உயிருக்கு என்றால் தப்பில்லை, குடி பாய் குடி என்கிறானாம். தினமும் சொல்லச் சொல்ல மனசு குழம்பிவிட்டது என்றார். "இது மருந்தா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க."

இல்லை என்றேன். வேறு விளக்கம் எதுவும் கேட்கவில்லை. பெருமூச்சு விட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போகும்போது சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ்! நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு மூணு நாளா தூங்கலம்மா."

நின்றுகொண்டே குடித்தவர்கள்

ஒரு கம்பெனியில் இதயப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சு முடிந்ததும் ஹெச்.ஆர். மேனேஜர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். இத்தாலியிலிருந்து மெஷின் நிறுவ வந்த இன்ஜினியருக்கு அன்று சாயங்காலம் ஹோட்டலில் விருந்தாம். ஊழியர்கள் குடும்பத்தோடு வருகிறார்களாம். வைன் வைப்பதால் பெண்கள் முகம் சுளிக்கக்கூடும், அதனால் "வைன்ல இருக்கற பெனிஃபிட்ஸ் பத்தி ரெண்டு வார்த்த" பேச முடியுமா என்றார். மாட்டேன் என்றேன். சரி, சாப்பிடவாவது வாருங்கள் என்றார். போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார்.

மேனேஜரும் அவர் கூட்டமும் நின்றுகொண்டே குடித்தார்கள். ஒரு கையில் போன், ஒரு கையில் கிளாஸ். தட்டைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அந்த இத்தாலிக்காரர் மட்டும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, கீரையும் பருப்பும் மட்டன் சுக்காவும் வாங்கிவைத்துக்கொண்டு, ஒரே ஒரு சின்ன கிளாஸை அந்தச் சாப்பாடு முழுக்க வைத்திருந்தார். என்னையும் ருசி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். முதல் மிடறு நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி துவர்த்தது. ஒரு துண்டு சுக்கா தின்றுவிட்டு இன்னொரு மிடறு எடுத்ததும், கறியின் எண்ணெய்ப் பிசுக்கு போய் வாய் சுத்தமானது. நன்றாகவே இருந்தது. இதை ஒளிக்க எனக்கு என்ன வந்தது? எனக்குச் சர்க்கரையும் இல்லை, மாத்திரையும் இல்லை. நன்றாக இருப்பது வேறு, நல்லது செய்வது வேறு. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடிக்கிறவனோடு எனக்குச் சண்டையே கிடையாது. ஆசையை ஆசை என்று சொல்ல வெட்கப்பட்டு, அதன் தலையில் மருந்து என்று முக்காடு போடுகிறவனைத்தான் எனக்கு ஆகாது.

இத்தாலிக்காரர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த கம்பெனிப் பெண் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "வைன் நல்லாத்தான் இருக்குதாம், ஆனா சாப்பாடு ஆறிப்போறப்ப எல்லாரும் எதுக்கு நிக்கறாங்கன்னு கேக்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை மதியம்

முனிராஜ் வைனுக்கு மாறியிருந்தார். என் பேரைச் சொல்லித்தான் மாறியிருந்தார். மேடம் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வீட்டில் அட்டவணையைக் காட்டியிருக்கிறார். சரோஜம்மாவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் சீல் வைத்த தாளில் புருஷன் விரலை வைத்து வாசித்துக்காட்டும்போது யார் குனிந்து சரிபார்ப்பார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி. மதியம் நன்றாகச் சாப்பிடலாம் என்று காலை டிபனை விட்டிருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். பிறகு பழைய வழக்கப்படி முதலில் டம்ளர். களியும் கறிக்குழம்பும் காத்திருக்க, ஒன்று இரண்டாகி, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. வார்த்தை குழறியது. எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார், ஏறிவிட்டது, தூங்கினால் தெளிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறார். போர்வையைப் போர்த்த வந்த சரோஜம்மா, சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துப் பதறி, பூ ஏற்றும் வேனில் போட்டுக் கொண்டுவந்தார். எமர்ஜென்சியில் சர்க்கரை பார்த்தால் மெஷின் எண்ணே காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஆள் இல்லை. குளுக்கோஸ் ஏற ஏறத்தான் கண் திறந்தார். போதை என்று ஊர் நினைத்தது போதையே இல்லை.

திங்கட்கிழமை காலையில் நான் வரும்போது சரோஜம்மா என் அறை வாசலில் நின்றிருந்தார். அட்டவணையை என் முகத்துக்கு நேராக ஆட்டினார். "வெசத்த எழுதிக் குடுத்துட்டு இங்க சீல் வேற வெச்சிருக்கீங்களா?" பெஞ்சில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். ஓரத்தில் இருந்த ஒரு பெண் தன் புருஷன் கையைப் பிடித்து எழுப்பினாள். அவனும் இதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்து போனான். வாங்க என்று சரோஜம்மாவை நேராக வார்டுக்குக் கூட்டிப்போனேன். முனிராஜ் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் உங்களைக் குடிக்கச் சொன்னேனா? உங்க சம்சாரத்துக்கு முன்னால சொல்லுங்க." அவர் இட்லியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில், "மேடம் வேணாம்னுதான் சொன்னாங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாசலில் பட்ட அவமானம் அடங்கவில்லை. சரோஜம்மா பக்கம் திரும்பி, இத்தனை வருஷம் இவர் குடித்துப் பார்த்திருக்கிறீர்களே, போதைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லையா, ஒரு மணி நேரம் எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் புருஷனைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்: "பிராந்தி குடிச்சப்பல்லாம் மூச்சு வருதா மூச்சு வருதான்னு பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன் மேடம், மருந்துன்னு சொன்னாரு, நம்பி உள்ள போய்ப் படுத்துட்டேன்."

இன்றைக்கும் கிளாஸில் எவ்வளவு ஊற்றலாம் என்று கேட்க என் அறை வாசலில் ஆண்கள் காத்திருக்கிறார்கள். பெண்டாட்டியை உள்ளே கூப்பிடுங்கள், அவர் எதிரில் சொல்கிறேன் என்றால், அத்தனை பேருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது.